மலை வீட்டில் காகிதப் படங்கள்: பிரேம் போடுவதும் காப்பாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் நாங்கள் பிரேம் போட்டுக் கொடுக்கும் கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அச்சுப்படம், நீர்வண்ண ஓவியம், பென்சில் படம், புகைப்படம், பழைய சாமி படம் என்று காகிதத்தில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் இங்கே பதில். கான்வாஸ் ஓவியத்தின் கதை வேறு.

கோயம்புத்தூர் வீட்டில் பல வருடம் நன்றாக இருந்த படம், மலைக்குக் கொண்டுவந்த கொஞ்ச நாளிலேயே பூசணம் பிடித்துவிட்டது. பிரேம் சரியில்லையா?

பிரேமைக் குறை சொல்வதற்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மலையில் காகிதத்துக்கு முதல் எதிரி சுவர்தான். வெயிலும் பூச்சியும் அதற்கு அப்புறம்தான்.

காற்று குளிர்ந்தால் அதனால் தாங்க முடிந்த நீராவியின் அளவு குறையும். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று படத்துக்கு ஒன்றும் செய்யாது. அதே காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். அறையின் நடுவில் ஹீட்டர் போட்டுக்கொண்டு நீங்கள் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். பழைய பங்களாவின் கருங்கல் சுவரோ ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி, பிரேமுக்குப் பின்னால், அசையாமல் நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தில்தான் படம் வாழ்கிறது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்குப் போதும். உங்கள் படத்தைத் திருப்பிப் பாருங்கள். அனேகமாகக் கீழ் ஓரத்தில், சுவரோடு அழுந்தியிருந்த இடத்தில்தான் அது தொடங்கியிருக்கும்.

அப்படியானால் எந்தச் சுவரில் மாட்டுவது?

இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் உள்சுவரில். இரண்டு பக்கமும் வீட்டுக் காற்று இருப்பதால் அது அவ்வளவாகக் குளிராது.

வெளிச்சுவர்தான் இருக்கிறது என்றால் மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். ஊட்டியின் மேற்குப் பக்கம், கூடலூர் வரைக்கும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. அங்கே மேற்குச் சுவரைத் தவிர்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. இங்கே கிழக்கும் வடக்கும் ஆபத்து. குளியலறையோடு சேர்ந்த சுவர் எந்த ஊரிலும் ஆகாது. வெந்நீர் ஆவி ஒரு பக்கம், குழாய்க் கசிவு ஒரு பக்கம்.

கணப்புக்கு மேலே மாட்டுவது ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் பழக்கம். பார்க்க அழகு, படத்துக்குக் கேடு. நெருப்பு எரியும்போது காகிதம் காய்ந்து சுருங்கும், அணைந்தபின் ஈரம் குடித்து விரியும், போதாததற்குக் கரிப்புகை. அந்த இடத்தில் ஒரு கண்ணாடியோ பித்தளைத் தட்டோ வைத்துவிடுங்கள்.

எங்கே மாட்டினாலும் பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கமாக ஒரு துண்டு கார்க் அல்லது ரப்பர் ஒட்டுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மதுரையில் இதைச் செய்யாவிட்டாலும் ஓடிவிடும். இங்கே ஓடாது.

கண்ணாடியின் உட்புறம் வியர்க்கிறது. என்ன செய்ய?

உடனே இறக்கி, கண்ணாடி அடியில் இருக்கும்படி, படம் கீழ் பார்த்தபடி மேசையில் படுக்கவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் துளிகள் கீழே வழிந்து கீழ்விளிம்பில் தேங்கும். பின்பலகையைக் கழற்றிக் காற்றாட விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அடுப்புப் பக்கம் வேண்டாம், வெயில் வேண்டாம். மெதுவாகக் காய்ந்தால்தான் காகிதம் நெளியாது.

காகிதம் கண்ணாடியைத் தொடாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டியிருக்கும். அப்படி ஒட்டியதை உரிக்க வேண்டாம்.

மவுண்ட் என்கிற அந்த அட்டை ஓரம் வெறும் அலங்காரம்தானே? அதை விட்டுவிட்டால் விலை குறையுமா?

விலை குறையும். ஆனால் மேலே சொன்ன வியர்வைக்கும் உங்கள் படத்துக்கும் நடுவில் நிற்பது அந்த அட்டை ஒன்றுதான். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள மவுண்ட் போர்டு காகிதத்தைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வைக்கிறது. மவுண்ட் பிடிக்காதவர்களுக்கு, பிரேமின் விளிம்புக்குள் மறைந்து நிற்கும் மெல்லிய பட்டியை வைத்து அதே இடைவெளியைக் கொடுக்கலாம். இடைவெளி மட்டும் கட்டாயம்.

எந்த மவுண்ட் போர்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண அட்டை மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் நாளாக நாளாக அமிலத்தை வெளிவிடும். அது படத்துக்குள் இறங்கும். பழைய பிரேம் எதையாவது பிரித்து மவுண்டைத் தூக்கினால் ஜன்னல் வெட்டின விளிம்பை ஒட்டிப் படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு தெரியும், தேநீர்க்கறை போல. அட்டை படத்தைச் சுட்ட அடையாளம் அது. நீங்கள் வெட்டு விளிம்பையும் பாருங்கள்: 45 டிகிரியில் சரித்து வெட்டிய அந்தச் சரிவு வெள்ளையாக இருந்தால் நல்லது, பழுத்திருந்தால் அட்டை மோசம்.

காட்டன் ராக் என்று சொல்லப்படும், பருத்தி இழையில் செய்த போர்டுதான் முதல் தரம். அடுத்தது லிக்னின் நீக்கி, கால்சியம் கார்பனேட் சேர்த்த மரக்கூழ் போர்டு. அந்தச் சுண்ணாம்புச் சத்து வரும் அமிலத்தை வாங்கிக்கொள்ளும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய எல்லாம் இந்த வகை என்று நினைக்க வேண்டாம். மேல்தாள் மட்டும் நல்லதாக, உள்ளே பழைய கூழாகவே இருக்கும் அட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. இதற்கென்று ஒரு பேனா கிடைக்கிறது: துண்டு அட்டையின் வெட்டுப் பக்கத்தில் கோடு போட்டால், ஊதாவாக மாறினால் சரி, மஞ்சளாகவே நின்றால் அமிலம். கடைக்காரர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை.

படத்தை அட்டையில் முழுசாக ஒட்டிவிட்டால் நெளியாமல் இருக்குமே?

ஒட்டிய அன்றைக்கு நெளியாது. ஆனால் காகிதம் மழைக்காலத்தில் விரியும், காய்ந்த காலத்தில் சுருங்கும். அதை முழுதாகவோ நான்கு மூலையிலுமோ பிடித்து வைத்தால் விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும், இல்லாவிட்டால் கிழியும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பிடித்துவிட்டு மற்றதைத் தொங்கவிடுவதுதான் முறை. லேசான அலை இருக்கத்தான் செய்யும். கையால் செய்த காகிதத்தில் அலை இருந்தால் அது குறையல்ல.

பிடிப்பது எதைக் கொண்டு? செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகி எண்ணெய் மாதிரி காகிதத்துக்குள் இறங்கும். பிளாஸ்டிக் தானாகக் கழன்று விழுந்துவிடும், கறை மட்டும் நிரந்தரமாக நிற்கும். ஃபெவிகால் மரவேலைக்கு அருமையானது, காகிதத்தில் காய்ந்தபின் தண்ணீரில் திரும்பக் கரையாது. மைதாப் பசை காய்ச்சி அதில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம், பூச்சி வரக்கூடாது என்பதற்காக. பூச்சி வராதுதான். ஆனால் அதிலுள்ள செம்பு காகிதத்தையே மெல்ல அரிக்கிறது.

நாங்கள் செய்வது இது. கோசோ என்ற ஜப்பானியச் செடி நாரில் செய்த மெல்லிய தாள். கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தால் விளிம்பு பஞ்சு மாதிரி பிரிந்து வரும். அந்தப் பஞ்சு விளிம்பு படத்தின் முன்பக்கத்தில் தடம் காட்டாது. பசை, கோதுமையிலிருந்து பசைப்புரதம் நீக்கி எடுத்த ஸ்டார்ச்சைக் காய்ச்சி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து எடுத்தது. தாளில் பூசி, அதிகப்படி ஈரத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுத்தபின், படத்தின் பின்பக்கம் மேல் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மட்டும் ஒட்டி, மேலே கனம் வைக்கிறோம். இந்தத் தாள் படத்தின் காகிதத்தைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். பிரேம் கீழே விழுந்தால் முதலில் கிழிய வேண்டியது இதுதான், படம் அல்ல. நாளைக்கு யாராவது கழற்ற நினைத்தால் ஈரப் பஞ்சு வைத்துக் கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடலாம்.

வீட்டில் நீங்களே செய்வதானால் பசையே வேண்டாம். நல்ல தாளை மடித்து மூலைப் பைகள் செய்து, அவற்றை அட்டையில் ஒட்டி, படத்தை அதற்குள் செருகிவிடுங்கள். கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும்.

லேமினேஷன்?

வேண்டாம். ரேஷன் கார்டு நகலுக்குச் செய்யுங்கள்.

பின்னால் என்ன பலகை போடுகிறீர்கள்?

ஹார்ட்போர்டு, பிளைவுட் இரண்டும் அமிலம் விடும், ஈரமும் குடிக்கும். எம்.டி.எஃப். இன்னும் மோசம். தேர்தல் நேரத்தில் கம்பத்தில் கட்டுகிறார்களே, உள்ளே வரிவரியாகக் குழாய் ஓடும் பிளாஸ்டிக் அட்டை, சன்பேக் ஷீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது பாலிப்ரொப்பிலீன். ஈரம் ஏறாது, அமிலம் கிடையாது, பூச்சி தின்னாது. அச்சடிக்காத புதுத் தாளாக வாங்க வேண்டும். படத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு நல்ல மவுண்ட் போர்டு. அந்த போர்டு மழை நாளில் கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெயில் நாளில் திருப்பிக் கொடுக்கும். திடீர் ஏற்ற இறக்கம் படத்தை எட்டாது.

கண்ணாடி, மவுண்ட், படம், போர்டு, ஷீட் எல்லாவற்றையும் சேர்த்து நான்கு ஓரத்திலும் டேப் சுற்றி ஒரே பொட்டலமாக்கிவிட்டு, அதைப் பிரேமுக்குள் வைப்பது மலைக்கு ஏற்ற முறை. ஒரு நிபந்தனை: அடைமழை நாளில் அப்படிச் சீல் செய்யக்கூடாது, உள்ளே ஈரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவோம். நவம்பரில் அவசரமாகக் கேட்டு வருகிறவர்களிடம் நான் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் மரம் இருக்கிறது. அதில் பிரேம் போடலாமா?

தாராளமாக. தேயிலைக்கு நிழல் கொடுத்த மரம் வீட்டுக்குள் சட்டமாகத் தொங்குவது எனக்குப் பிடித்தமான விஷயம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 45 டிகிரி மூலைகள் ஒரு கோடையில் வாயைப் பிளந்துவிடும். கண்ணாடி உட்காரும் உள்தடத்தில் அலுமினியம் டேப் ஒட்டச் சொல்லுங்கள்; மரத்தின் அமில ஆவி காகிதத்தை நேராகத் தொடாது.

இங்கே எப்போதும் மூட்டம்தானே, வெயிலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

உயரம் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர். குளிராக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான். மூடுபனியும் புற ஊதாவை முழுசாகத் தடுப்பதில்லை. சுற்றிலும் ஜன்னல் வைத்த கண்ணாடி வராந்தா நம் பங்களாக்களின் பெருமை. அங்கே மாட்டிய நீர்வண்ணப் படத்தில் முதலில் சிவப்பு போகும், பச்சை நீலமாகும். ஒருமுறை வெளிறியது திரும்பாது, இருட்டில் வைத்தாலும் தேறாது.

அருங்காட்சியகங்களில் காகிதப் படத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுவார்கள். வீட்டில் அவ்வளவு இருட்டில் வாழ முடியாது. நேர் வெயில் படாத சுவர், ஜன்னலுக்குத் திரை, எல்.இ.டி. விளக்கு. முடிந்தால் படங்களை மாற்றி மாற்றி மாட்டுங்கள். கொலு பொம்மைக்கு வருடத்தில் ஒன்பது நாள்தான் வெளிச்சம். அதனால்தான் அதன் சாயம் அப்படியே இருக்கிறது.

கண்ணாடி நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

சாதாரணக் கண்ணாடி புற ஊதாவைக் கொஞ்சம்தான் தடுக்கும். அதற்கென்று பூச்சுப் போட்ட கண்ணாடி 97 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். விலை கூடுதல், ஆனால் மதிப்புள்ள படத்துக்கு யோசிக்காதீர்கள். அக்ரிலிக் என்பது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தகடு. எடை குறைவு, உடையாது, குளிரில் கண்ணாடி அளவுக்கு வியர்க்காது. கீறல் விழும். துடைத்தால் நிலைமின்சாரம் வரும். கரிக்கோல் படத்துக்கும் பேஸ்டலுக்கும் அதைப் போட்டால் பொடியை இழுத்து உள்பக்கம் பூசிக்கொள்ளும்.

கண்ணாடியோ அக்ரிலிக்கோ, துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடி மேல் அடித்தால் கீழ் ஓரம் வழியாக உள்ளே போகும்.

பூசணம் வந்தேவிட்டது. எப்படி எடுப்பது?

ஈரத்துணி எடுக்காதீர்கள், டெட்டால் எடுக்காதீர்கள். ஈரமாக இருக்கும் பூசணத்தைத் துடைத்தால் அது காகிதத்துக்குள் அரைபடும். முதலில் காய வேண்டும். பிரேமிலிருந்து வெளியே எடுத்து, நிழலில், காற்றோட்டமான உலர்ந்த அறையில் வைத்துவிடுங்கள். வெயிலில் உலர்த்தச் சொல்லும் பெரியவர்கள் பருப்புக்கும் கம்பளிக்கும் சொன்னதைப் படத்துக்கும் சொல்கிறார்கள்.

காய்ந்து பொடியான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே, மென்மையான அகலத் தூரிகையால் ஒரே திசையில், உங்களை விட்டு விலகும்படி தட்டி எடுங்கள். பேஸ்டல், கரிக்கோல், உதிரும் சாயம் என்றால் தொடாதீர்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைக்கலாம், பழைய மவுண்டையும் பின் அட்டையையும் தூக்கிப் போடுங்கள். அதே சுவரில் மறுபடி மாட்டினால் மறுபடி வரும்.

துரு மாதிரி சிதறிக் கிடக்கும் பழுப்புப் புள்ளிகள் தட்டினால் போகாது. பிளீச் வைத்து வெளுக்கிறேன் என்று யாராவது சொன்னால் படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். புள்ளியோடு இன்னும் நூறு வருடம் இருக்கும், வெளுத்தபின் இருக்காது.

பாட்டி வீட்டு சாமி படம் மங்கியிருக்கிறது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமாமே?

ஊட்டிக் கிழங்கு பொரியலுக்கு. படத்தில் அதன் மாவும் ஈரமும் தங்கி, பூசணத்துக்கும் பூச்சிக்கும் விருந்தாகும்.

முதலில் அது என்ன படம் என்று பாருங்கள். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் கல்லச்சில் நிறம் நிறமாக ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டவை. மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் அந்த வார்னிஷ்தான். அதை எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. சில படங்களில் புடவைக்கு ஜரிகையும் சம்கியும் தைத்திருப்பார்கள், அவற்றுக்கு ஆழமான பெட்டி பிரேம் வேண்டும்.

கோவில்பட்டி கொண்டையராஜு, அவருடைய சீடர்கள் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் இன்னொரு வகை. அந்த முருகனும் லட்சுமியும் எத்தனையோ வீடுகளில் காலண்டர் தேதி முடிந்தபின் வெட்டிப் பிரேம் போடப்பட்டவர்கள். மலிவான காகிதம், அதனால் நொறுங்கும். கீழே கடைப் பெயர் அச்சிட்ட பட்டி இருந்தால் வெட்டிவிடாதீர்கள். எந்த ஊர், எந்தக் காலம் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

பூஜை அறையில் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். குழைத்த குங்குமத் தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, சாமி பாதத்தைச் சுற்றிச் சிவப்பாக ஊறியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பொட்டை உலர்வாக வையுங்கள், இல்லை கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைக்கச் சொல்லுங்கள். விளக்குக்கு நேர் மேலே படம் வேண்டாம்.

குறும்பர் ஓவியம் வாங்கினேன். அதற்குத் தனிக் கவனம் வேண்டுமா?

ஆமாம். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை முதலான ஊர்களின் ஆலுக் குறும்பர்கள், பாறையில் தீட்டிய மரபைக் காகிதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேங்கை மரத்துப் பால், இலைச்சாறு, செம்மண், கரி இவைதான் நிறங்கள். வேங்கைப் பாலின் செம்பழுப்பு உறுதியானது. இலைப் பச்சை வெளிச்சத்தில் சீக்கிரம் போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பரவலாம். எனவே உள்சுவர், புற ஊதா தடுக்கும் கண்ணாடி, ஆழமான மவுண்ட். மண் நிறம் தடிப்பாக இருந்தால் அக்ரிலிக் வேண்டாம். பாதுகாப்புக்கு என்று வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்; மண்ணின் அந்த மங்கிய நிறம் ஈரமான செங்கல் மாதிரி கருத்துவிடும்.

தோடர் பூத்தையல் சால்வையையும் பிரேம் போடக் கேட்கிறார்கள். அது துணி, ஒட்டவே கூடாது, பருத்தித் துணி சுற்றிய பலகையில் நூலால் தைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பழைய ஊட்டிப் படம் ஒன்று கிடைத்தது. அசலா, நகலா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆகாயப் பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒரே சீரான வரிசையில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்போலச் சேர்ந்து தெரிந்தால் அது இக்கால ஆஃப்செட் நகல். கேப்டன் ரிச்சர்ட் பாரன் வரைந்த நீலகிரிக் காட்சிகள் 1837-இல் லண்டனில் வெளியாயின. அவை செப்புத்தகட்டு அக்வாடின்ட், மேலே கையால் வண்ணம் தீட்டியவை. அந்த வகையில் புள்ளிக்குப் பதில் ஒழுங்கில்லாத நுண்ணிய வலை தெரியும். வண்ணம் அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். ஓரம் வெட்டாமல் இருந்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் நீலகிரித் தாவரப் படங்கள் 1846 முதல் 1851 வரை சென்னையில் வெளிவந்தவை. கல்லச்சு என்பதால் அந்தப் பள்ளம் இருக்காது, அதை வைத்து நகல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வைட்டுக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் பக்கத்து ஓவியர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி இந்தப் படங்களை விற்பவர் குறைவு, சொல்ல வேண்டும்.

அசல் என்று தோன்றினால் ஓரத்தை வெட்டி பிரேமுக்கு ஏற்றபடி சிறிதாக்காதீர்கள். பிரேம்தான் படத்துக்கு ஏற்றபடி வர வேண்டும்.

தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

புகைப்படத்தின் மேல்படலம் ஜெலட்டின். ஈரத்தில் ஊறிப் பசையாகிவிடும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். ஊறவைத்து எடுக்கும் வித்தையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். முதல் வேலையாகக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒட்டிய நிலையிலேயே பத்திரப்படுத்துங்கள். படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) கூரைக்குக் கீழே வரிசையாகச் சாய்த்து மாட்டிய முன்னோர் படங்களில் இந்தத் தொல்லை அதிகம், மவுண்ட் இல்லாமல் நேராகக் கண்ணாடிக்குள் வைத்தவை அவை.

இருண்ட பகுதிகளில் நீலமாக ஒரு வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் அது வெள்ளி மேலே எழும்பியது, துடைக்காதீர்கள். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ தாளில் அச்சிட்ட படங்கள் இன்னும் பல வீடுகளில் உண்டு. அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுப் படங்களின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள், எழுத்து இருந்தால் மறைக்காமல் பிரேம் போடலாம்.

அதற்கும் முந்திய, ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஏ.டி.டபிள்யூ. பென் காலத்துப் படங்கள் முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில், தடித்த அட்டையில் ஒட்டியவை. இவற்றுக்கு மட்டும் நான் மேலே சொன்ன சுண்ணாம்புச் சத்துள்ள போர்டு ஆகாது, மஞ்சள் கூடும். சத்துச் சேர்க்காத காட்டன் போர்டு கேளுங்கள். நீல நிற சயனோடைப் படத்துக்கும் அப்படியே.

ராமபாணப் பூச்சிக்கு என்ன மருந்து?

உலர்ந்த காற்று. ராமபாணம் ஈரம் இருக்கும் இடத்தில்தான் குடியிருக்கும். பசையையும் காகிதத்தின் மேல்பூச்சையும் சுரண்டித் தின்னும். பிரேமின் பின்பக்கம் முழுவதையும் தாள் ஒட்டி அடைத்துவிட்டால் நுழைய வழியில்லை. அந்துருண்டையைப் பிரேமுக்குள் போடாதீர்கள். ஊரே தைல வாசம் என்பதால் நீலகிரித் தைலம் தொட்ட பஞ்சை வைக்கிறவர்களும் உண்டு. எண்ணெய்க் கறைதான் மிச்சம்.

பிரேம் போடாத படங்களை எங்கே வைப்பது?

சுருட்டாமல், படுக்கையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அமிலமில்லாத தாள் வைத்து, ஒரு அட்டைப் பெட்டியிலோ பீரோவின் நடுத்தட்டிலோ. தரையிலிருந்து மேலே, வெளிச்சுவரிலிருந்து தள்ளி. பாலித்தீன் பை ஈரத்தை உள்ளேயே வைத்து வேகவைக்கும். சிலிக்கா ஜெல் வைத்தால் நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். வைத்துவிட்டு மறந்தால் அது வெறும் மணல்.

வருடத்தில் பத்து மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரு போய்விடுகிறோம்.

பூட்டிய வீடுதான் படங்களுக்கு மிக மோசமான இடம். போகும்போது வெளிச்சுவரில் உள்ளவற்றை இறக்கி, பருத்தித் துணியில் சுற்றி, நடு அறையில் ஒரு பெஞ்சின் மேல் நிமிர்த்தி அடுக்குங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வெயில் அடிக்கும் நாளில் ஜன்னல் திறக்கச் சொல்லுங்கள், மழை நாளில் திறக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று சுவரோரம் இருக்கட்டும்.

படத்தையே கீழே கொண்டுபோவதானால், குளிர்ந்த படத்தைக் கோவை வெக்கையில் உடனே பிரிக்காதீர்கள். அதன்மேல் ஈரம் படியும். பொட்டலத்தோடு அரை நாள் விட்டுப் பிரியுங்கள்.

எதில் சிக்கனம் செய்யலாம்?

பீடிங்கில், அதாவது பிரேமின் சட்டப் பட்டியில். தங்க வேலைப்பாட்டு பீடிங் படத்தை ஒன்றும் காப்பாற்றுவதில்லை. காகிதத்தைத் தொடுகிற எதிலும் சிக்கனம் வேண்டாம்: மவுண்ட், பின் போர்டு, பசை. பணம் இன்னும் மிஞ்சினால் கண்ணாடிக்கு.

கிழிந்து, நொறுங்கிப் போன படத்தை நீங்களே சரிசெய்வீர்களா?

மாட்டோம். நாங்கள் பிரேம் போடுகிறவர்கள். காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம்தான் போக வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இதற்கென ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. யாரிடம் போகலாம் என்று கேட்க அங்கே தொடங்கலாம். அதுவரை துண்டுகளை ஒட்ட முயற்சிக்காமல், ஒரு துணுக்கைக்கூட எறியாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள்.

பிரேம் போட்டபின் எப்போது திறந்து பார்க்க வேண்டும்?

வருடம் ஒருமுறை சுவரிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பூசணம் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் மட்டும் திறந்தால் போதும். அதற்கு பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்: பனி விட்டிருக்கும், மழை தொடங்கியிருக்காது. மே மாதத்தில் வேண்டாம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று ரோடு அடைத்துக்கொள்ளும், கண்ணாடிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் மணிக்கணக்கில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.